கண்மாயில் வேலிக்கருவை ஏலம்: தூரை விட்டுக்கொடுக்கலாமா?

கேள்வி – கண்மாய்க்கரை

அனைவருக்கும் வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில், கண்மாய்ப் பாசனத்தை நம்பியிருக்கும் சிற்றூர் எங்களுடையது. 80 ஏக்கர் நீர்ப்பிடிப்பில் முக்கால் பங்கை வேலிக்கருவை, அதாவது சீமைக் கருவேலம், அடைத்துக்கொண்டுவிட்டது. மடையைப் பார்க்கப் போவதானால்கூட அரிவாளோடுதான் போக வேண்டியிருக்கிறது. மரங்களை ஏலம் விடுவதென ஊர்க்கூட்டத்தில் முடிவாகியுள்ளது. ஆனால் ஏலம் கேட்க வந்தவர், தரைமட்டத்தில் அறுத்துக்கொள்வதாகவும், தூரை, அதாவது வேரோடு கூடிய அடிக்கட்டையை, தோண்டுவது தம் பொறுப்பாகாது என்றும் சொல்கிறார். பத்தாண்டுக்கு முன்பு அப்படித்தான் அறுத்தார்கள். அன்று ஒற்றை மரம் நின்ற இடத்தில் இன்று ஏழெட்டுக் கவைகளோடு புதர் நிற்கிறது. தூரோடு எடுக்கச் சொன்னால் ஏலத்தொகை பாதியாகிவிடும் என்கிறார்கள். அந்தத் தொகையை வைத்துத்தான் மடையைப் பழுது பார்க்க எண்ணியிருந்தோம். என்ன செய்யலாம்? மரம் போன இடத்தில் உடனே வேறு கன்று நட வேண்டுமா?

பதில் – கலுங்கடி

ஐயா, தூரை மட்டும் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். வேலிக்கருவையின் உயிர் தண்டில் இல்லை; மண்ணுக்குச் சற்றுக் கீழே, வேர் தொடங்கும் கழுத்தில் இருக்கிறது. தரைமட்டத்தில் அறுத்தால் அங்கே உறங்கும் மொட்டுகள் எல்லாம் ஒருசேரத் துளிர்க்கும். உங்கள் ஊரில் நடந்தது அதுதான். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை ஒட்டிப் பல ஊர்களில் இயந்திரங்கள் இறங்கின. எங்கள் ஊரில் அவசரத்தில் மேலோடு அறுத்துவிட்டுப் போனதால் அடுத்த கோடைக்குள் ஆளுயரத்துக்கு மறுபடி எழுந்து நின்றது.

தூரைத் தோண்டினாலும் வேலை முடிந்துவிடாது. ஆடுமாடுகள் இலையைத் தொடாவிட்டாலும் இனிப்பான நெற்றை விரும்பித் தின்னும். விதையோ செரிக்காமல் சாணத்திலும் புழுக்கையிலும் வந்து விழுந்து, மழை கண்டதும் முளைக்கும். மண்ணுக்குள் கிடக்கும் விதைகளும் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். ஆகவே மழைக்குப் பின், தண்ணீர் வற்றிய ஓரங்களில் மண் ஈரமாக இருக்கும்போதே நாற்றுகளைக் கையால் பிடுங்க, குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு ஆள் ஏற்பாடு செய்யுங்கள். சாண் உயரத்தில் ஒரு கையால் வந்துவிடும் செடி, இடுப்பளவு வளர்ந்துவிட்டால் கடப்பாரை கேட்கும்.

இன்னொன்று, கரையில் நிற்கும் மரங்களை மழை நெருங்கும் வேளையில் இயந்திரத்தால் பிடுங்க விடாதீர்கள். தூர் வந்த குழியில் மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி இறுக்காவிட்டால், ஐப்பசி மழையில் கரை அந்த இடத்தில்தான் கசியத் தொடங்கும். புரட்டாசிக்குள் எல்லா வேலையும் முடிந்துவிட வேண்டும்.

பதில் – கரிமூட்டம்

எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாக விறகைக் கரியாக்கும் மூட்டம் போடுகிறது. எனவே என் பேச்சில் சார்பு இருக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தூரைத் தோண்ட மாட்டேன் என்று ஏலம் கேட்க வந்தவர் சொல்வது அவருடைய வசதிக்காக. தூர்க்கட்டையில் விளையும் கரி கனமானது, நின்று எரியும். விறகை நட்டு அடுக்கி, தழை பரப்பி, மண் பூசி நெருப்பிட்ட மூட்டத்தின் அடியில் தூர்க்கட்டை இருந்தால் எங்களுக்கு மகிழ்ச்சிதான். தண்டை ஒருவருக்கும் தூரை வேறொருவருக்கும் எனத் தனித்தனியாக ஏலம் விட்டுப் பாருங்கள். தோண்டும் கூலியைக் கழித்துக்கொண்டு தூரை எடுக்க உங்கள் பக்கத்திலேயே ஆள் கிடைக்கக்கூடும்.

விறகுக்கென அரசே ஊக்குவித்துப் பரப்பிய மரம் இது. மழை பொய்த்த ஆண்டுகளில் இராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் பல வீடுகளில் அடுப்பெரிந்தது இதனால்தான். கண்மாயிலிருந்து அது போக வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. பட்டாத் தரிசில் நிற்பதையும் சேர்த்துப் பழிக்கும்போதுதான் வருத்தமாக இருக்கிறது.

பதில் – நத்தைகுத்தி

கன்று நடுவது பற்றிச் சொல்கிறேன். நீர்ப்பிடிப்பு முழுவதும் நட வேண்டாம். அது தண்ணீர் நிற்க வேண்டிய இடம். நடுவில் ஏற்கெனவே நாட்டுக் கருவேல மரங்கள் நின்றால் அவற்றுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு அடையாளம் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் இயந்திரக்காரர் இரண்டையும் ஒன்றாகவே கருதுவார். நாட்டுக் கருவேலம் சில மாதங்கள் தண்ணீரில் நின்றாலும் தாங்கும்; நாரைகளும் நீர்க்காகங்களும் அதில் கூடு கட்டும். உங்கள் மாவட்டத்திலேயே 1977 முதல் சரணாலயமாக உள்ள வேட்டங்குடியில், பறவைகள் கலைந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காமலே ஊரார் இருக்கிறார்கள். கரையின் வெளிச்சரிவில் பனை விதை ஊன்றினால் போதும்.

பதில் – கலுங்கடி

ஒரு சிறு சேர்க்கை. இந்த மரம் காற்றின் ஈரத்தைக்கூட உறிஞ்சிவிடும் என்று துண்டறிக்கைகளில் எழுதுகிறார்கள். அதற்குச் சான்று இல்லை. ஆழ வேரோடுவது மட்டும் உண்மை: அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கக் குழியில், இதே பேரினத்து மரத்தின் வேரை 53 மீட்டர் ஆழத்தில் கண்டிருக்கிறார்கள். ஆனால் உங்கள் கண்மாய் நிறையாமல் இருந்தால், அதற்கு வேரைவிட, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலின் அடைப்பே காரணமாக இருக்கலாம். அதை நடந்து பார்த்தீர்களா?

மறுமொழி – கண்மாய்க்கரை

இன்று காலை நான்கு பேர் நடந்து பார்த்தோம், ஐயா. மிகுநீர் வழியும் கலுங்கிலிருந்து மேற்கே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் வரை வாய்க்கால் தெரிகிறது. அதற்கு மேல் முள்ளுக்குள் மறைந்துவிடுகிறது. ஏலத்தை இரண்டாகப் பிரிக்கத் தலைவர் ஒத்துக்கொண்டார். வரத்துக்காலில் நிற்கும் மரங்களைத் தூர் ஏலத்தோடு சேர்ப்பதா, தனியே விடுவதா என்பதுதான் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பேச வேண்டியது.