யானைப்பாதக் கொடி மஞ்சளாகிறது: தண்ணீரைக் கூட்டலாமா?

கேள்வி (ஈசூன்வாசி)
வணக்கம். எட்டு மாதங்களுக்கு முன் ஒரு செடிக்கடையில் ‘யானைப்பாதம்’ என்று சொல்லித் தந்த கொடியை 11ஆம் மாடித் தாழ்வாரத்தில் வளர்க்கிறேன். தேங்காய் மூடி அளவில் பருத்த அடித்தண்டு, ஆமை ஓடு போல வெடித்த பட்டை. அதிலிருந்து நூல் போன்ற ஒரே தண்டு கிளம்பி இரும்புக் கதவில் சுற்றிக்கொண்டது. மூன்று வாரங்களாக இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. பக்கத்திலுள்ள அடீனியத்துக்குப் போலவே ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றிவந்த நான், வாடுகிறதே என்று இப்போது தினமும் ஊற்றுகிறேன். உரமும் வைக்கலாமா?

மறுமொழி (தொட்டித்தோட்டம்)
உரம் வேண்டாம், தண்ணீரையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். கொடி உறங்கப் போகும் நேரத்தில் அதை ஊறவைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

டயோஸ்கோரியா எலிஃபன்டிபெஸ் என்னும் இக்கொடி தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் வறண்ட சரிவுகளில் வளர்வது. கோடையில் இலையுதிர்த்துக் கிடந்து, குளிர்காலத்தை ஒட்டித் துளிர்க்கும் அதற்கு, இடைக்காலத்துக்கு வேண்டிய நீரும் மாவுச்சத்தும் அந்தப் பருத்த தண்டில்தான் இருக்கின்றன. இலையற்ற கொடி நீரை இழுக்காது என்பதால், ஊற்றியதெல்லாம் மண்ணில் தேங்கி அடித்தண்டைக் கீழிருந்து அழுகச் செய்யும். இங்கே சிங்கப்பூரிலோ கோடையும் இல்லை, குளிரும் இல்லை. பகலும் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். என்னுடையது ஓர் ஆண்டு மார்ச்சில் உறங்கியது, மறு ஆண்டு ஆகஸ்டில். நாட்காட்டியை விட்டுவிட்டுக் கொடியைப் பாருங்கள்: புதுத் துளிர் விரல் நீளம் வந்த பிறகே தண்ணீர்.

இப்போதே தொட்டியிலிருந்து எடுத்து அடிப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கும் இடம் இருந்தால், வெள்ளைச் சதை தெரியும்வரை சுத்தமான கத்தியால் சீவி, கரித்தூள் தடவி, ஒரு வாரமாவது காயவிடுங்கள். பிறகு பியூமிஸ் கல் பாதிக்குமேல் கலந்த மண்ணில், மண்தொட்டியில் வையுங்கள்.

மறுமொழி (வெற்றிலைக்கொடி)
கடைக்காரர் சொன்ன பெயரை நான் அப்படியே ஏற்கமாட்டேன். மெக்சிகோ முதல் மத்திய அமெரிக்கா வரை வளரும் டயோஸ்கோரியா மெக்சிகானாவுக்கும் இதே போன்ற ஓடு உண்டு. இலை வெற்றிலை போல நுனி கூர்ந்து பெரிதாக இருந்தால் மெக்சிகானா. நீளத்தைவிட அகலம் மிகுந்து சிறுத்திருந்தால் தென்னாப்பிரிக்க இனம். வெப்பத்தில் வளரும் மெக்சிகானாதான் நம் ஊருக்குத் தோது. இரண்டுமே வள்ளிக்கிழங்கின் உறவு என்றதும் என் அம்மா, “வள்ளி பிறந்த குழியில் இருந்தது இதுதானா?” என்றார். அவித்துப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். இதில் சபோனின் நச்சு உண்டு.

ஈசூன்வாசி
இருவருக்கும் நன்றி. கீழே கிடந்த இலைகள் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியவை, அகலமானவை; ஆகவே கடைக்காரர் சொன்ன பெயர் சரிதான். அடியில் 50 காசு அளவுக்கு அமுங்கியது. சீவி, கரித்தூள் தடவி, மழைச்சாரல் எட்டாதபடி காலணி அலமாரியின் மேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.