கலைச்சொல்: 'ஐடெம்பொட்டன்ட்' – தன்னடுக்கா, இரட்டாமையா?

மடல் 1: செயலி எழுதுபவர், சுங்கை சிப்புட், மலேசியா

குழுவினருக்கு வணக்கம்.

செம்பனை (எண்ணெய்ப் பனை) குலைக் கணக்கு ஏபிஐக்கு, அதாவது கைப்பேசிச் செயலி சர்வரோடு பேசும் வழிக்கு, தமிழில் கையேடு எழுதுகிறோம். சர்வர், டேபிள், பாஸ்வேர்ட் எல்லாம் அப்படியே இருக்கட்டும், தோட்டத்தில் யாரும் தடுமாற மாட்டார்கள். 'ஐடெம்பொட்டன்ட்' மட்டும் அப்படிப் போகாது. அதைப் புரியாமல் கடந்தால் கூலிக் கணக்கே பிசகும்.

பொருள் இதுதான். குலை வெட்டுபவர் ஒருவருக்கு மண்டோர் (தோட்டக் கண்காணி) கைப்பேசியில் 42 குலை பதிகிறார். சர்வர் எழுதிக்கொள்கிறது. பதில் வந்து சேருமுன் லைன் போய்விடுகிறது. கைப்பேசிக்கு அது தோல்வி. லைன் வந்ததும் மறுபடி அனுப்புகிறது. 42 இப்போது 84. எத்தனை முறை வந்தாலும், ஒருமுறை வந்தபோது இருந்த நிலையிலேயே சர்வரை வைக்கும் கோரிக்கை ஐடெம்பொட்டன்ட். இணையக் கோரிக்கைகளுக்கான எச்டிடிபி விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 9110 (2022) கெட் (எடு), புட் (இப்படியே வை), டெலிட் (அழி) மூன்றையும் இந்த வகையில் வைக்கிறது. போஸ்ட் (புதிதாகச் சேர்) அதில் இல்லை. நம் குலைப் பதிவோ போஸ்ட்.

என் பரிந்துரை 'தன்னடுக்கு'. பெஞ்சமின் பியர்ஸ் 1870இல் இயற்கணிதத்துக்காக இச்சொல்லைப் படைத்தார். எந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் தானாகவே நிற்பது என்பது பொருள்.

மடல் 2: தமிழாசிரியர், அதே ஊர்

தம்பி, கணிதத்துக்குத் தன்னடுக்கு பொருந்துகிறது. இலக்கணமும் உங்கள் பக்கம்தான். 'பாம்பு பாம்பு' என்று அலறினாலும் பாம்பு ஒன்றே. அதற்குப் பெயர் அடுக்குத்தொடர். நன்னூல் நான்கு வரை அடுக்க இடம் தருகிறது. உங்கள் கைப்பேசி எத்தனை அடுக்குமோ!

ஆனால் கையேட்டைப் படிப்பவருக்கு 'அடுக்கு' என்றதும் அடுக்குமாடிதான் கண்ணில் வரும். 'செம்பனை' நம்மிடையே எப்படி நிலைத்தது? நிறமும் இனமும் சொல்லிலேயே தெரிகின்றன, விளக்கம் வேண்டியதில்லை. அந்த வழியில் 'இரட்டாமை' என்று வைக்கலாம். இரட்டாத கோரிக்கை, இரட்டும் கோரிக்கை, இரட்டாமை: எப்படியும் வளையும். தன்னடுக்கை வைத்து ஒரு வினைமுற்று எழுதிக் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

மடல் 3: டேட்டாபேஸ் பார்ப்பவர்

> இரட்டாத கோரிக்கை, இரட்டும் கோரிக்கை, இரட்டாமை

டீச்சர், நல்ல சொல். 'ஒரே விடை' என்று யாரும் பெயர்க்காததற்கும் நன்றி. டெலிட் முதல்முறை 204 (முடிந்தது) தரும், இரண்டாம் முறை 404 (கிடைக்கவில்லை) தரலாம். பதில் மாறினாலும் அது ஐடெம்பொட்டன்ட்தான். மாறக்கூடாதது சர்வரில் உள்ள நிலை.

இரட்டாமை சறுக்குவது வேறு இடத்தில். அதே ஆள் காலையில் 42 குலை, மதியம் 42 குலை வெட்டுகிறார். இரண்டும் மெய். சொல்லை மட்டும் பார்த்த புரோகிராமர் ஆள், தேதி, எண்ணிக்கை மூன்றையும் சேர்த்து யூனிக் (ஒருமுறைக்குமேல் வரக்கூடாதது) ஆக்கிவிடுவார். மதியக் கூலி காணாமல் போகும். இரட்டக்கூடாதது எண் அல்ல, அனுப்பல். ஆகவே ஒவ்வோர் அனுப்பலுக்கும் ஓர் அடையாளம் வேண்டும். ஆங்கிலத்தில் அதைக் 'கீ' என்கிறார்கள். 'சாவி' என்றால் பூட்டு எங்கே என்று கேட்பார்கள். 'சீட்டெண்' என்போம்.

கையேட்டில் இவை விடுபடக்கூடாது:

சீட்டெண் 36 எழுத்து யூயூஐடி (வேறெதோடும் ஒத்துப்போகாத அடையாளக் குறி). மண்டோர் 'அனுப்பு' அழுத்திய கணத்தில் பிறந்து, நெட்வொர்க்கைத் தொடுமுன் கைப்பேசிக்குள்ளேயே இருக்கும் எஸ்கியூலைட் டேட்டாபேஸில் பதிவாக வேண்டும். மறுமுயற்சி செய்யும் ஃபங்ஷனுக்குள் அதை உருவாக்குவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. ஒவ்வொரு முயற்சிக்கும் புதுச் சீட்டு வரும், எல்லாம் பழையபடி இரட்டும்.

சர்வரில் சீட்டெண்ணும் குலைப் பதிவும் ஒரே டிரான்ஸாக்ஷனில் (எழுதினால் எல்லாம், இல்லையேல் எதுவும் இல்லை) எழுதப்பட வேண்டும். பிரித்து எழுதி நடுவில் சர்வர் விழுந்தால் சீட்டு இருக்கும், குலை இருக்காது. மறுமுயற்சிக்கு 'முன்பே வந்துவிட்டது' என்ற பொய்ப் பதில் போகும். 84ஐவிட இது மோசம். கூடிய கணக்கைக் கிராணி (தோட்ட எழுத்தர்) கண்டுபிடிப்பார், காணாமல் போனதை யார் தேடுவது?

சீட்டெண் இருக்கிறதா என்று முதலில் செலக்ட் (தேடல்) செய்து பார்த்துப் பிறகு இன்செர்ட் (சேர்த்தல்) செய்யாதீர்கள். இரண்டு கோரிக்கை ஒரே நேரத்தில் வந்தால் இரண்டுக்கும் 'இல்லை' என்றே தெரியும். சீட்டெண்மேல் யூனிக் கட்டுப்பாடு வைத்து 'ஆன் கான்ஃபிளிக்ட் டூ நத்திங்' (மோதினால் ஒன்றும் செய்யாதே) போடுங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 9.5 முதல் இது உண்டு. பிந்தியது முந்தியதன் முடிவுக்குக் காத்திருக்கும்; முந்தியது நிலைத்தால் பிந்தியதற்கு 0 வரிசை கிடைக்கும். அப்போது சேமித்து வைத்த பழைய பதிலையே திருப்பி அனுப்ப வேண்டும்.

கோரிக்கை உடலின் ஹாஷையும் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் சுருக்கக் குறி) கூடவே வையுங்கள். அதே சீட்டெண்ணில் வேறு எண்ணிக்கை வந்தால் 422 (ஏற்க முடியாத கோரிக்கை). சீட்டுகளை 24 மணி நேரத்தில் அழித்துவிடாதீர்கள். வெள்ளி மாலை லைன் போன கைப்பேசி திங்கள் காலையில்தான் பேசும். அந்த மாதச் சம்பளம் முடியும்வரை இருக்கட்டும்.

மடல் 4: செயலி எழுதுபவர்

அண்ணே, சீட்டெண்ணையே கோரிக்கையின் முகவரியில் (யூஆர்எல்) வைத்துப் புட் அனுப்பினால் சீட்டுக்கென்று தனி டேபிள் தேவைப்படாதே என்று பார்த்தேன். புட் இரட்டாதுதான். ஆனால் 42ஐக் கிராணி 24 என்று திருத்திய பிறகு மண்டோரின் பழைய மறுமுயற்சி வந்தால், திருத்தத்தை அழித்து மறுபடி 42 ஆக்கிவிடும். ஆகவே போஸ்டும் சீட்டெண்ணும்தான்.

சொல்லில் தோற்றுவிட்டேன், டீச்சர். தன்னடுக்குக்கு வினைமுற்று அமையவில்லை. அது கணிதப் பின்குறிப்போடு நிற்கட்டும். கையேட்டில் இப்படிப் போகிறது:

'குலைப் பதிவு இரட்டாமை உடையது. ஒரே சீட்டெண்ணுடன் எத்தனை முறை அனுப்பினாலும் ஒரு பதிவே உருவாகும். சீட்டெண் வேறானால், எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் தனிப் பதிவு.'

மடல் 5: தமிழாசிரியர்

கையேட்டில் 'சீட்டெண்' சரி. கைப்பேசித் திரையில் 'சீட்டு எண்' என்று பிரித்தே போடுங்கள். வெயிலில் நின்று படிப்பவர் புணர்ச்சி பிரித்துக்கொண்டிருக்க வேண்டாம்.