டச்சு பே கடற்கரைக்கு இரண்டு ஆட்கள் தேவை (நடிக்க இல்லை!)

அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். வாற சனி, ஞாயிறு விடிய 5 மணிக்கு திருகோணமலை டச்சு பே கடற்கரையில் எங்கள் குறும்படத்தின் படப்பிடிப்பு. அதற்கு 'ஸ்டாண்ட்-இன்' ஆக நிற்க இரண்டு பேர் வேண்டும்.

டூப் இல்லை, பாய்ந்து விழத் தேவையில்லை. படத்தில் உங்கள் முகமும் வராது. லைட் வைத்து, கமராவைச் சரிசெய்து முடியும் வரை நடிகரின் இடத்தில் நிற்க வேண்டும், அவர் நடக்கிற மாதிரியே நடந்து காட்டவும் வேண்டும். எல்லாம் சரி என்றதும் நீங்கள் விலக, அவர் வந்து நிற்பார்.

சும்மா நிற்கிற வேலைதானே என்று போன முறை அலட்சியமாக இருந்துவிட்டோம். 5 அடி 10 அங்குல ஹீரோவுக்குப் பதிலாக 5 அடி 4 அங்குல நண்பனை நிறுத்தி லைட் வைத்தோம். ஹீரோ வந்து நின்றால் வெளிச்சம் நெஞ்சில், முகம் இருட்டு. நண்பன் போட்டிருந்தது வெள்ளைச் சேர்ட், ஹீரோவுக்குக் கறுப்பு. திரும்ப எல்லாவற்றையும் மாற்றுவதற்குள் சூரியன் ஏறிவிட்டது, விடியற்காலைக் காட்சி அம்போ.

அதனால் உயரம் முக்கியம். ஆண் 5'10", பெண் 5'3". இருவரும் மாநிறம், பெண்ணுக்கு நீள முடி. அதே நிற உடுப்பு நாங்கள் தருவோம். மணலில் டேப் ஒட்டாது, சிப்பி வைத்துத்தான் இடம் குறிப்போம். அந்தச் சிப்பியில் கால் வைத்து நிற்கப் பொறுமை இருந்தால் போதும்.

பெரிய தொகை தர ஏலாது. பயணச் செலவு, ஒரு நாள் கூலி, இடியப்பமும் சொதியும் உண்டு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் யாரும் இருந்தால் உயரத்தோடு இன்பொக்ஸ் பண்ணுங்கோ.