மறு: ஏரோபாட்டிக்ஸ் – தமிழில் என்ன? (அவசரம்)

குழுவினருக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன், நாளைக் காலை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஏர் ஷோ, ஃப்ளைபாஸ்ட் (விமானங்கள் அணியாகக் கடந்து பறப்பது), ஏரோபாட்டிக்ஸ் (விமானம் வானில் சுழன்றும் புரண்டும் வித்தை காட்டுவது) மூன்றும் ஒரே பத்தியில் வருகின்றன. செய்தித்தாள்கள் மூன்றையுமே 'விமான சாகசம்' என்று முடித்துவிடுகின்றன. நானும் அப்படியே போட்டால் "சாகச நிகழ்ச்சியில் சாகசத்துக்கு முன் சாகசம் நடைபெறும்" என்று வந்து நிற்கிறது. யாராவது கைகொடுங்கள்.

---

> 'விமான சாகசம்'

அம்மா, முதலில் அந்த வடசொல்லைத் தூக்கிப் போடுங்கள். ஏரோபாட்டிக்ஸின் பின்பாதி அக்ரோபாட்டிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் அவன் நுனிக்காலில் நடப்பவன். நம்மிடம் அவனுக்குக் கழைக்கூத்தன் என்று பெயரே இருக்கிறது. குறுந்தொகை ஏழாம் பாட்டில், வாகையின் காய்ந்த நெற்று காற்றில் அடிபட்டு ஒலிப்பதை 'ஆரியர் கயிறாடு பறை'க்கு, அதாவது கயிற்றின்மேல் ஆடும் கூத்தரின் பறைக்கு, ஒப்பிடுகிறார் பெரும்பதுமனார். ஆகவே வான்கழைக்கூத்து. புறநானூறு 27-இலேயே 'வலவன் ஏவா வானவூர்தி' பாடிய மொழிக்கு இந்தச் சொல் ஒரு சுமையா?

---

> வான்கழைக்கூத்து

ஐயா, கழை மூங்கில் அல்லவா, வானத்தில் மூங்கிலை எங்கே நடுவது? தவிர, தூய தமிழுக்குச் சான்று தேடிப்போய் ஆரியர் ஆட்டத்தில் வந்து நின்றுவிட்டீர்கள். வலவன் ஏவாதது என்றால் ஓட்டுபவனே இல்லாதது. அந்தப் பாட்டை ட்ரோன்காரர்களுக்குக் கொடுத்துவிடலாம், இங்கே பேச்சே வலவனைப் பற்றித்தான்.

சாகசம் எனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் வடசொல் என்பதற்காக அல்ல, பொருளே தப்பு. வடமொழியில் அது முன்பின் பாராத துணிச்சல். பழைய தர்ம நூல்களில் வன்செயல் குற்றத்துக்கே அந்தப் பெயர். தமிழில் சாகசக்காரி என்றால் யாரும் பாராட்டாக எடுத்துக்கொள்வதில்லை. 1913-இல் கீவ் நகரில் ரஷ்ய விமானி நெஸ்தெரவ் முதல்முறையாக விமானத்தைச் செங்குத்தாக ஒரு முழுவட்டம் சுற்றவைத்தார் பாருங்கள், அது சாகசம். அரசாங்கச் சொத்துக்கு ஆபத்து விளைவித்தார் என்று அவரைக் காவலில் வைத்தார்கள், அப்புறம்தான் பதவி உயர்வு. நம் விமானப்படையின் சூரியகிரண் குழுவின் ஒன்பது ஹாக் விமானங்கள் சில மீட்டர் இடைவெளியில் ஒட்டிப் பறப்பது அந்த வகை அல்ல. முன்னே போகும் விமானத்தின் மேல் ஒரு புள்ளியைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, அது நகர நகரத் தானும் நகர்கிற பயிற்சி அது. துணிச்சலைக் காட்ட நினைப்பவருக்கு அந்த வரிசையில் இடமே கிடையாது. 1988 ஆகஸ்ட் 28 அன்று ஜெர்மனியின் ராம்ஸ்டைனில், குழுவின் மற்ற விமானங்கள் வானில் வரைந்த இதயத்தை ஊடுருவிப் போக வேண்டிய இத்தாலிய விமானம் சற்று முந்தி வந்து அவற்றோடு மோதிக் கூட்டத்தின் மேல் விழுந்தது, எழுபது பேர் இறந்தார்கள். கையேடு பிள்ளைகளுக்கு என்கிறீர்கள், அதில் சாகசம் என்று எழுதினால் என்ன கற்றுக்கொள்வார்கள்?

என் பரிந்துரை வான்கரணம். குட்டிக்கரணம் தெரியாத பிள்ளை இல்லை, விமானம் செய்வதும் அதைத்தான். ஃப்ளைபாஸ்ட்டில் கரணமே கிடையாது, குடியரசு தினத்தன்று போல அணியாக நேரே கடந்து போவார்கள், அதனால் அணிப்பறப்பு. ஏர் ஷோவுக்கு விமானக் காட்சி. கண்காட்சி என்று போட்டாலும் தகும், பெங்களூர் எலஹங்காவில் 1996 முதல் நடக்கும் ஏரோ இந்தியாவோ பாரிஸின் லெ பூர்ஜே கண்காட்சியோ பாதிக்கு மேல் வியாபாரம்தானே, தரையில் நிறுத்திவைத்து விலை பேசுகிறார்கள்.

---

> என் பரிந்துரை வான்கரணம்

கரணமும் வடசொல்தான் ஐயா, ஒரு கையால் தள்ளி மறு கையால் கூப்பிடுகிறீர்கள். போகட்டும், தொல்காப்பியத்திலேயே இருக்கிறது என்பீர்கள். 'கற்பெனப் படுவது கரணமொடு புணர' – அங்கே அது திருமணச் சடங்கு. வான்கரணம் என்றால் பறந்துகொண்டே தாலி கட்டுகிறார்கள் என்று புலவர் ஒருவர் உரை எழுதுவார். இன்னொன்று, கரணம் தப்பினால் மரணம் என்று பழமொழி வேறு. சூலூரில் ஹெலிகாப்டரில் வித்தை காட்டும் விமானப்படையின் சாரங் குழுவினரிடம் போய் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

---

பழமொழி பொருந்துகிறதே, அதனால்தானே சொல்கிறேன்! சாகசம் ஆபத்தை மறைக்கிறது, கரணம் சொல்லிவிடுகிறது. தாலி கட்டுவது கல்யாணப் பத்திரிகையோடு போகட்டும்.

---

எல்லோருக்கும் நன்றி. பக்கத்தை முடித்துவிட்டேன். ஏர் ஷோ விமானக் காட்சி, ஃப்ளைபாஸ்ட் அணிப்பறப்பு. இந்த இரண்டுக்கும் பதிப்பாசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. வான்கரணத்தைப் பார்த்துவிட்டு "இது யோகாசனமா?" என்று கேட்டார், அதனால் அந்த இடத்தில் 'வான் சாகசம்' என்றே போகிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆசிரியர்கள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கக் கூடாது.

---

கோபமில்லை. சொற்பட்டியலில் மட்டும் வான்கரணத்தை மாற்றுச்சொல்லாகச் சேர்த்துவிடுங்கள், அதற்குப் பதிப்பாசிரியரைக் கேட்க வேண்டியதில்லை. அப்படியே, விமானி தலைகீழாகப் பறப்பதற்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?

---

கழைக்கூத்தை ஒருவரும் மறுத்ததாக நான் கருதவில்லை. மூங்கில் பற்றித் தனி மடல் வருகிறது.