கெல்டிக் மர நாட்காட்டி நிஜமாகவே பழசா? ஓகம் குச்சி எந்த மரத்தில் செய்வது?

மழைக்குருவி:

கெல்டிக் மர ஜோதிடம் என்று ஒன்று சில வாரமாகப் போகிற இடமெல்லாம் கண்ணில் படுகிறது. பிறந்த தேதியைச் சொன்னால் உங்கள் மரம் எது என்று சொல்லிவிடுவார்கள். நான் ஜூன் 20, அதனால் ஓக். உறுதியானவர், பிறருக்கு நிழல் தருபவர் என்றெல்லாம் போட்டிருந்தது, படிக்கச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் மாதம் 28 நாள், மொத்தம் 13 மாதம், இதை ட்ரூயிடுகள், அதாவது அயர்லாந்து, பிரான்ஸ் பக்கம் வாழ்ந்த பழைய கெல்டிக் மக்களின் பூசாரிகள், 2000 வருஷத்துக்கு முன்பே வகுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும்தான் ஒரு சந்தேகம் வந்தது. ட்ரூயிடுகள் எதையுமே எழுதி வைக்கவில்லை என்று வேறெங்கோ படித்த ஞாபகம். அப்படியானால் இது மட்டும் எப்படிக் கிடைத்தது?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்துகளைக் குச்சிகளில் கீறி ஒரு தொகுதி செய்து வைத்துக்கொள்ள ஆசை. ஒவ்வொரு எழுத்தையும் அதற்குரிய மரத்தில்தான் கீற வேண்டும் என்கிறார்கள் சிலர். 20 எழுத்துக்கு 20 மரத்தை எங்கே தேடிப் போவது? ஒரே மரத்தில் செய்தால் குற்றமா? யூ மரம்தான் உத்தமம் என்று ஒருவர் சொன்னார், அதுவும் சரியா?

பழஞ்சுவடி:

உங்கள் சந்தேகம் சரிதான். அந்த 13 மாத நாட்காட்டிக்கு வயது 2000 இல்லை, 100கூட ஆகவில்லை. ராபர்ட் கிரேவ்ஸ் என்ற ஆங்கிலக் கவிஞர் 1948இல் வெளியிட்ட ‘தி ஒயிட் காடெஸ்’ புத்தகத்தில் ஓகம் மெய்யெழுத்துகளில் 13ஐ எடுத்து, டிசம்பர் 24இல் பிர்ச் மரத்தில் தொடங்கி வரிசையாக மாதங்களுக்கு ஒட்டினார். 13ஐ 28ஆல் பெருக்கினால் 364தான் வரும், மிஞ்சுகிற டிசம்பர் 23ஐத் தனியாக விட்டுவிட்டார். குணம் சொல்லும் ஜோதிடம் அதற்கும் பிறகு மற்றவர்கள் சேர்த்தது.

அந்தப் பட்டியலை ஒரு தரம் நிதானமாகப் பாருங்கள். அதில் திராட்சைக் கொடி இருக்கிறது, ஐவி என்ற படர்கொடி இருக்கிறது, நாணல் இருக்கிறது. மூன்றுமே மரம் இல்லை, போதாக்குறைக்குத் திராட்சை அயர்லாந்தில் இயல்பாக வளர்வதே கிடையாது.

உண்மையான கெல்டிக் நாட்காட்டி ஒன்று கையில் கிடைத்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. பிரான்ஸில் கொலின்யி என்ற ஊரில் 1897இல் வெண்கலத் தகடாக, துண்டு துண்டாக உடைந்து கிடைத்தது. அந்தக் காலப் பிரான்ஸில் பேசிய கோல் (Gaul) என்ற கெல்டிக் மொழியில் எழுதியது, ஏறக்குறைய கி.பி. 2ஆம் நூற்றாண்டு. நிலவையும் சூரியனையும் ஒத்துப்போக வைக்க, 12 மாதங்களோடு அவ்வப்போது ஒரு மாதத்தைக் கூடுதலாகச் செருகுகிறது. முதல் மாதத்தின் பெயர் சமோனியோஸ். கிரேவ்ஸின் மர வரிசை அதில் மருந்துக்கும் இல்லை.

ஓகம் விஷயமும் அப்படித்தான். சுமார் 400 கல்வெட்டுகள் இருக்கின்றன, பெரும்பாலும் அயர்லாந்தின் தெற்குப் பக்கம், கொஞ்சம் வேல்ஸில். அவற்றில் மந்திரம் எதுவும் இல்லை. ‘இன்னாரின் மகன் இன்னார்’ என்கிற மாதிரி பெயர்கள், அவ்வளவுதான். எழுத்துக்கெல்லாம் மரப்பெயர் என்பதும் பிற்கால உரைகாரர்கள் இழுத்துப் பிடித்த கணக்கு. பிர்ச், ஆல்டர், வில்லோ, ஓக், ஹேசல் போலச் சில பெயர்கள் நிஜமாகவே மரங்கள், மிச்சத்தில் பலவற்றுக்குப் பொருள் வேறு.

நிலாமுற்றம்:

பழஞ்சுவடி சொன்ன தகவலில் எனக்குத் தகராறு இல்லை, தொனியில்தான் கொஞ்சம். நான் ஆறு வருஷமாக அந்த 13 மாத வட்டத்தை வைத்துத்தான் தியானம் செய்கிறேன். அதைக் கிரேவ்ஸ் கட்டினார் என்று தெரிந்தேதான் செய்கிறேன். ஒரு கவிஞர் 1948இல் செய்த சடங்கு வேலை செய்யாது, பெயர் தெரியாத ஒருவர் கி.மு.வில் செய்திருந்தால் மட்டும் வேலை செய்யும் என்பதில் எனக்குத் தர்க்கம் தெரியவில்லை. ட்ரூயிடுகள் சொன்னது என்று பொய் லேபிள் ஒட்டி விற்பதுதான் எரிச்சல்.

சரி, குச்சிக்கு வருவோம். ஒரே மரத்தில் செய்யுங்கள், ஒன்றும் ஆகாது. பழைய ஐரிஷ் கதை ஒன்றில், காணாமல் போன எதாய்ன் என்ற அரசி எங்கே இருக்கிறாள் என்று கண்டுபிடிக்க டல்லான் என்ற ட்ரூயிட் நான்கு கோல் வெட்டி அவற்றில் ஓகம் எழுதுகிறார். நான்கும் யூ மரம். எழுத்துக்கொரு மரம் என்று அவரே தேடி அலையவில்லை பாருங்கள். யூ உத்தமம் என்று உங்களிடம் சொன்னவர் அநேகமாக இதை வைத்துத்தான் சொல்லியிருப்பார்.

ஆனால் நீங்கள் யூவில் கை வைக்க வேண்டாம். விதையைச் சுற்றியுள்ள சிவப்புச் சதையைத் தவிர இலை, பட்டை, விதை எல்லாமே விஷம், மரத்தைத் தேய்க்கும்போது வரும் தூளை மூச்சில் இழுப்பதும் நல்லதில்லை. ஹேசல் கிடைத்தால் அருமை. ஞானக் கிணற்றின் மேல் நிற்கும் ஒன்பது ஹேசல் மரங்கள், தண்ணீரில் விழும் கொட்டைகளைத் தின்று ஞானம் பெற்ற சால்மன் மீன், இந்தக் கதையெல்லாம் அதோடு கூடவே வரும். உயிருள்ள கிளையை வெட்டாமல், காற்றில் விழுந்ததைப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

கீறுவது சுலபம். குச்சியின் விளிம்புதான் நடுக்கோடு, கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். பிர்ச்சின் எழுத்துக்கு வலப்பக்கம் ஒரு கோடு, ஓக்கின் எழுத்துக்கு இடப்பக்கம் இரண்டு. ஐந்து ஐந்தாக நான்கு குழு, ஒரு சாயங்காலத்தில் பழகிவிடும். குச்சியில் எது கால், எது தலை என்று அடையாளம் வைக்க மறக்காதீர்கள். முதல் தொகுதியில் நான் அதை விட்டுவிட்டு, எந்த எழுத்து எது என்று தெரியாமல் இரண்டு நாள் முழித்தேன்.

முள்வேலி:

நாட்காட்டிச் சண்டையில் மரமே காணாமல் போய்விட்டது. அயர்லாந்தில் மரத்துக்கு என்ன மதிப்பு இருந்தது என்று பார்க்க சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். ஏறக்குறைய 8ஆம் நூற்றாண்டின் ஐரிஷ் சட்டம் 28 மரம் செடிகளை ஏழு ஏழாக நான்கு வகுப்பாகப் பிரிக்கிறது. மேல் வகுப்பில் ஓக், ஹேசல், ஹோலி, யூ, ஆஷ், பைன், காட்டு ஆப்பிள். இவற்றை வெட்டினால் அபராதம் மாடுகளாகக் கட்ட வேண்டும். காரணம் முழுக்கப் பக்தி என்று சொல்ல முடியாது. ஓக்கின் கொட்டை பன்றிக்குத் தீனி, ஆஷ் ஈட்டிக்கம்பு, ஹோலி மாட்டுத் தீவனம். பயன், மதிப்பு, புனிதம் என்று அவர்கள் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

புனித மரத்துக்கு அங்கே ‘பிலெ’ என்று தனிச் சொல்லே உண்டு. குலத்தலைவனுக்கு அதன் கீழேதான் பட்டம் கட்டுவார்கள். கிளேர் பகுதியில் டால் காஷ் குலத்துக்கு அப்படி ஒரு மரம் இருந்தது. 10ஆம் நூற்றாண்டின் கடைசியில் எதிரி அரசன் படையெடுத்து வந்து அதை வெட்டி வேரோடு தோண்டிப் போட்டதாக ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. அரசனையே அவமானப்படுத்துவதற்குச் சமம் அது.

இன்றைக்கும் அந்தப் பயம் போய்விடவில்லை. 1999இல் அதே கிளேரில் லாட்டூன் என்ற இடத்தில் நெடுஞ்சாலைக்காக ஒற்றை ஹாதார்ன் மரம் போகவிருந்தது. தேவதைக் கூட்டம் போருக்குப் போகும் வழியில் கூடும் மரம் அது, தொட்டால் சாலையில் விபத்துதான் நடக்கும் என்று எடி லெனிஹன் என்ற கதைசொல்லி பத்திரிகைக்கு எழுதினார், கடைசியில் மரத்தை விட்டுவிட்டுத்தான் சாலை போட்டார்கள்.

மழைக்குருவி, உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். எப்போதாவது அந்தப் பக்கம் போய், ஊற்றுக்குப் பக்கத்தில் துணி கட்டிய மரத்தைப் பார்த்தால், நைலான் ரிப்பன் எதையும் கட்டிவிடாதீர்கள். துணி மக்க மக்க நோயும் போகும் என்பதுதான் அந்த வழக்கத்தின் கணக்கு. நைலான் மக்கவே மக்காது, கிளையை இறுக்கி மரத்துக்குத்தான் கேடு. காசை மரத்தில் அடித்துச் செருகுவதும் அதே ரகம்.

மழைக்குருவி:

எல்லோருக்கும் நன்றி. ஓக் பட்டம் போனதில் கொஞ்சம் வருத்தம்தான், பரவாயில்லை. டல்லான் கதையை முழுசாகத் தேடிப் படிக்கப் போகிறேன். நிலாமுற்றம், குச்சி எவ்வளவு நீளம் வைத்தீர்கள்? அப்புறம், கீறுவதற்கு முன்பு மரத்தைக் காய வைக்க வேண்டுமா?

நிலாமுற்றம்:

விரல் நீளம் போதும், பை ஒன்றில் அடங்க வேண்டும். பச்சையாக இருக்கும்போதே பட்டையை உரித்துவிட்டு, நிழலில் சில வாரம் காய விட்டு அப்புறம் கீறுங்கள். வெயிலில் போட்டால் வெடித்துவிடும்.