ஜூலையில் 21,000 தாண்டிய வெல்டர், ஆகஸ்டில் தடா கிளை: ஈஎஸ்ஐயும் தொழில் வரியும் எப்படிப் பிடிப்பது?

கும்மிடி பட்டறை (5 செப்டம்பர் 2024)

கும்மிடிப்பூண்டியில் ஃபேப்ரிகேஷன் பட்டறை, 9 பேர். ஆகஸ்ட் முதல் எல்லை தாண்டி ஆந்திராவின் தடாவில் ஒரு ஷெட், அங்கே 5 பேர். ஒரு வெல்டருக்கு ஜூன் வரை 20,500, ஜூலையிலிருந்து 22,000. எல்லாமே பேசிக், டிஏ (பஞ்சப்படி). வேறு படி கிடையாது. ஜூலையில் ஓவர்டைம் 1,850 தனி.

ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) சம்பள வரம்பான 21,000 தாண்டிவிட்டதால் ஜூலையில் அவருக்கு ஈஎஸ்ஐ பிடிக்காமல், வேலை நாள் 0, காரணம் விடுப்பு என்று போட்டுச் சலான் கட்டியாகிவிட்டது. ஆகஸ்டுக்கு ‘வரம்புக்கு வெளியே’ என்ற காரணத்தைக் கொடுத்தால் ஈஎஸ்ஐ இணையதளம் ஏற்கவில்லை. அவருக்கு இப்போது தடாவில் வேலை, வீடு தமிழ்நாட்டுப் பக்கம் ஆரம்பாக்கத்தில். தொழில் வரி எந்த மாநிலத்துக்கு? எக்செல் கூட்டலுக்கும் சலானுக்கும் மாதாமாதம் சில ரூபாய் வேறு இடிக்கிறது. 7ஆம் தேதி சம்பளம் போட வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சலான் பதினைந்து

தளம் மறுத்தது சரிதான் சார். ஈஎஸ்ஐக்குப் பங்களிப்புக் காலம் ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று இரண்டு. காலம் தொடங்கும்போது 21,000க்குள் இருந்தவர், நடுவில் எவ்வளவு உயர்ந்தாலும் அந்தக் காலம் முடியும்வரை உள்ளேதான். அதனால்தான் ‘வரம்புக்கு வெளியே’ என்ற காரணம் ஏப்ரல், அக்டோபர் பட்டியல்களில் மட்டும் செல்லும். செப்டம்பர் வரை பிடியுங்கள், அக்டோபர் பட்டியலில் எடுத்துவிடலாம்.

பிடிப்பது 21,000க்கு அல்ல, முழுச் சம்பளத்துக்கு. பலர் தடுமாறுவது ஓவர்டைமில்: வரம்புக்குள் இருக்கிறாரா என்று பார்க்கும்போது ஓவர்டைமைச் சேர்க்கக் கூடாது, பங்களிப்புக் கணக்கிடும்போது சேர்க்க வேண்டும். ஆக ஜூலைக்கு 23,850. தொழிலாளி பங்கு 0.75% = 178.88, அதாவது 179. உங்கள் பங்கு 3.25% = 775.13, அதாவது 776. மொத்தம் 955. சலான் கட்டி முடிந்த மாதம் என்பதால் சப்ளிமெண்டரி (கூடுதல்) சலானாகப் போடுங்கள். ஆகஸ்ட் 15 தாண்டியதற்கு ஆண்டுக்கு 12% வட்டி; இப்போதே கட்டினால் பத்து ரூபாய்கூட வராது.

வட்டி சின்னதுதான், ஆனால் விடுப்பு என்று போட்டதை அப்படியே விட்டுவிடாதீர்கள். நோய்க்கால உதவித்தொகை கிடைக்க ஒரு பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள் பதிவாகியிருக்க வேண்டும். ஏப்ரல்–செப்டம்பர் நாட்கள்தான் அடுத்த ஜனவரி–ஜூனுக்கு உதவும். நாள் குறைந்து, அவர் பிப்ரவரியில் கையை உடைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தால் நஷ்டம் அவருக்கு.

சலான் இடிப்பதற்குக் காரணம் ரவுண்ட். தொழிலாளி பங்கை ஆளுக்கு ஆள் அடுத்த ரூபாய்க்கு ஏற்ற வேண்டும். 17,650க்கு 132.375 வரும், எக்செலில் சாதாரண ரவுண்ட் 132 என்கிறது, தளம் 133 எடுக்கும். ரவுண்டப் ஃபார்முலா போடுங்கள். உங்கள் பங்கை மட்டும் மொத்தச் சம்பளத்தின் மேல் ஒரே தடவை கணக்கிடுங்கள்.

கும்மிடி பட்டறை

ரொம்ப நன்றி சார். ஜூலையில் பிடிக்காத 179ஐ ஆகஸ்ட் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாமா?

சலான் பதினைந்து

கூடாது. தொழிலாளி பங்கை அந்தந்தச் சம்பளக் காலத்துக்கான ஊதியத்திலிருந்துதான் பிடிக்கச் சட்டம் விடுகிறது. விட்டுப்போன 179 முதலாளி கையிலிருந்துதான். ஆகஸ்ட் பங்கை இன்னும் சம்பளம் போடாததால் தாராளமாகப் பிடிக்கலாம். செப்டம்பர் 15க்குள் கட்டுங்கள்.

எல்லைக் கணக்கு

தொழில் வரி வீட்டைப் பார்த்து அல்ல, வேலை செய்யும் இடத்தைப் பார்த்து. ஆரம்பாக்கத்தில் படுத்து எழுந்தாலும் தடாவில் வேலை என்றால் ஆந்திராவுக்கு. அங்கே மாதக் கணக்கு: 15,000 வரை இல்லை, 15,001 முதல் 20,000 வரை 150, அதற்கு மேல் 200. வெல்டருக்கு ஆகஸ்டிலிருந்து 200. அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், அதாவது வரும் செவ்வாய். ஆட்களிடம் பிடித்துக் கட்டுவதற்கு நிறுவனப் பதிவு வேறு, தொழில் நடத்துபவர் தன் பேரில் கட்டும் பதிவு வேறு, இரண்டும் எடுங்கள்.

தமிழ்நாட்டில் அரையாண்டுக் கணக்கு, வாங்குவது உள்ளாட்சி. அரையாண்டு வருமானம் 21,000 வரை கிடையாது, உச்சம் 1,250. ஏப்ரல்–ஜூலை அவர் கும்மிடிப்பூண்டியில் வாங்கிய 83,500க்கும் ஓவர்டைமுக்கும் உள்ள வரியைப் பேரூராட்சியில் செப்டம்பர் 30க்குள் கட்டுங்கள். தடா ஆட்களையும் அரையாண்டுப் பட்டியலில் ஏற்றி, ஆந்திராவுக்கு ஒன்றும் கட்டாமல் விடுவதுதான் இந்தப் பக்கம் அடிக்கடி நடக்கிறது.

ஈஎஸ்ஐயில் தடாவுக்குத் துணைக் குறியீடு (கிளைக்கான எண்) வாங்குங்கள். அது வருவதற்குள் 15ஆம் தேதி வந்தால் முதன்மைக் குறியீட்டிலேயே கட்டிவிடலாம், பணம் வெல்டரின் காப்பீட்டு எண்ணில்தான் சேரும். எக்காரணம் கொண்டும் அவருக்குப் புது எண் போடாதீர்கள். பழைய 10 இலக்க எண்ணே நாடு முழுக்கச் செல்லும். இரண்டு எண் ஆகிவிட்டால் நாட்கள் பிரிந்து, 78 நிறையாது.

குறைந்தபட்சக் கூலியும் இனி ஆந்திர அறிவிப்பின்படி. அங்கே பஞ்சப்படி ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாறும். தமிழ்நாடு மாதிரி வருடத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதாது.

கும்மிடி பட்டறை

கான்ட்ராக்டில் 6 பேர் வரப்போகிறார்கள். பிஎஃப் வருமா?

எல்லைக் கணக்கு

வரும். இரண்டு இடமும் ஒரே நிறுவனம், கான்ட்ராக்ட் ஆளும் எண்ணிக்கையில் சேரும்: 9, 5, 6, மொத்தம் 20, பிஎஃப்புக்கு அது போதும். பிறகு ஆள் குறைந்தாலும் பிஎஃப் நீங்காது. 15,000 சம்பளத்துக்கு ஆளிடம் 1,800. உங்கள் 1,800இல் 1,250 பென்ஷனுக்கு, 550 பிஎஃப்புக்கு. இதற்கு மேல் காப்பீடு 75, நிர்வாகக் கட்டணம் 0.5%, இந்தக் கட்டணம் மாதம் 500க்குக் குறையாது. வெல்டர் இதுவரை பிஎஃப்பில் இல்லாதவர், 15,000க்கு மேல் வாங்குபவர் என்றால் கட்டாயமில்லை. விரும்பிச் சேர்ந்தால் பென்ஷன் பத்தியில் 0 போட்டு 12% முழுவதையும் பிஎஃப்பில் போடுங்கள். 2014 செப்டம்பருக்குப் பின் சேரும் இப்படிப்பட்டவருக்குப் பென்ஷன் கிடையாது.

சலான் பதினைந்து (டிசம்பர் 2025)

இப்போது இதைப் படிப்பவர்களுக்கு: 2025 நவம்பர் 21இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. வாடகைப்படி, பயணப்படி போன்றவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேரும். மேலே போட்ட கணக்கு, படி எதுவும் இல்லாத சம்பளத்துக்கு. படி பிரித்துக் கொடுப்பவர்கள் முதலில் ஊதியம் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். வேலையை விட்டுப் போகிறவருக்கும் இனி அடுத்த மாதச் சம்பள நாள்வரை காத்திருக்கச் சொல்ல முடியாது, இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடித்துக் கொடுக்க வேண்டும்.