ரா ஃபைலுக்குள்ளேயே லொகேஷன் எழுதலாமா, கூடாதா?

குன்றேறி:
மதுரையைச் சுற்றியுள்ள சமணர் குகைகளைப் படம் எடுத்து வருகிறேன். என் நிக்கானில் ஜிபிஎஸ் கிடையாது. போனில் நடந்த தடத்தை (டிராக்) பதிவு செய்யும் ஆப்பை ஓடவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அந்தத் தடம் இருக்கும் ஜிபிஎக்ஸ் ஃபைலையும் படங்களையும் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளிடம் கொடுத்து, என்இஎஃப்புக்குள்ளேயே, அதாவது நிக்கான் பதிவு செய்த பதப்படுத்தாத மூலப்படமான ரா ஃபைலுக்குள்ளேயே, அட்சரேகை தீர்க்கரேகையை எழுதிவிடுவேன். இதை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சொன்னதும் "ராவைத் தொடவே கூடாது" என்று ஆளாளுக்குப் பாய்ந்துவிட்டார்கள், ஏன் என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இல்லை. எனக்கு இது மூடநம்பிக்கையாகத்தான் படுகிறது. ராவைத் தொடாமல் தகவலை அதன் பக்கத்தில் எழுதிவைக்கும் எக்ஸ்எம்பி சைடுகார் தனி ஃபைல். டிஸ்க் மாற்றும்போது அது விட்டுப்போனால் இடமும் போச்சு. தொடக்கூடாது என்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

நெகட்டிவ்பெட்டி:
காரணம்தானே, சொல்கிறேன். என்இஎஃப், சிஆர்3, ஏஆர்டபிள்யூ எல்லாம் அந்தந்தக் கம்பெனியின் சொந்த வடிவம், உள்ளே என்ன எங்கே இருக்கிறது என்று அவர்கள் முழுதாக வெளியே சொன்னதில்லை. கேமரா கம்பெனி தன் தகவலை எழுதிவைக்கும் மேக்கர் நோட்ஸ் என்ற பகுதிக்குள் "இந்தத் தகவல் இத்தனையாவது பைட்டில்" என்ற குறிப்புகள் இருக்கும். நடுவில் எதையாவது நுழைத்தால் அவை இடம் மாறும், எழுதுகிற மென்பொருள் அதைச் சரியாகத் திருத்தவில்லை என்றால் தகவல் பாழ். அதனால்தான் அடோபியின் லைட்ரூம் கிளாசிக் மென்பொருளில் என்இஎஃப் படத்தை மேப்பில் இழுத்துவிட்டு மெட்டாடேட்டாவை (படத்தைப் பற்றிய தகவலை) சேமித்தால் அது சைடுகாரில்தான் எழுதும், அடோபியின் பொது ரா வடிவமான டிஎன்ஜி என்றால் மட்டும் உள்ளே எழுதும். அப்புறம் பேக்கப். உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் மொத்த ஃபைலும் மாறியதாகக் கணக்கு, பல பேக்கப் மென்பொருள்கள் முழு ஃபைலையும் திரும்ப ஏற்றும். சைடுகார் சில கேபிதான்.

குன்றேறி:
அந்தக் குறிப்புகளைத் திருத்தத் தெரியாத மென்பொருளைப் பற்றிச் சொல்கிறீர்கள் சார். எக்ஸிஃப்டூல் அப்படி அல்ல. அதை உருவாக்கிய ஃபில் ஹார்வி 2003லிருந்து செப்பனிட்டு வருகிறார், மேக்கர் நோட்ஸில் எந்த கேமரா என்ன கோளாறு பண்ணும் என்பது அவருக்கு அத்துப்படி. நாம் வேண்டாமென்று சொல்லாதவரை பழைய ஃபைலை பெயருக்குப் பின்னால் ஒரிஜினல் என்று சேர்த்து அப்படியே வைத்திருக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் படத்தரவுக்கு மட்டும் ஹேஷ் (ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்) எடுக்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது, எழுதுவதற்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, அதே லைட்ரூம் கிளாசிக்கின் கேட்டலாக் செட்டிங்ஸில் தேதி நேர மாற்றத்தை ரா ஃபைலுக்குள் எழுது என்று ஒரு டிக் பெட்டி உண்டு. அடோபியே தொடுகிறது!

சைடுகார் பேசுகிறவர்கள் முதலில் பெயரில் ஒத்துப்போகட்டும். லைட்ரூம் டிஎஸ்சி_1234.எக்ஸ்எம்பி என்று வைக்கும், டார்க்டேபிள் என்ற இன்னொரு ரா மென்பொருள் டிஎஸ்சி_1234.என்இஎஃப்.எக்ஸ்எம்பி என்று வைக்கும். டார்க்டேபிள் எழுதியது லைட்ரூமின் கண்ணில் படாது.

நெகட்டிவ்பெட்டி:
டிஜிகாம் என்ற பட மேலாண்மை மென்பொருளில் சைடுகார் பெயரை மற்ற மென்பொருள்களுக்கு ஒத்துப்போகும்படி மாற்றிக்கொள்ள செட்டிங் இருக்கிறது, போய்ப் பாருங்கள். அந்த டிக் பெட்டியும் நேரத்துக்கு மட்டும்தான், லொகேஷனுக்கு இல்லை.

விசைப்பலகை:
எங்கே எழுதுவது என்று இரண்டு பேரும் மல்லுக்கட்டுகிறீர்கள், எழுதப்போகிற எண் சரியா என்று யாரும் பார்க்கவில்லையே. ஜிபிஎக்ஸில் நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கும், கேமராவில் உள்ளூர் நேரம். படத்துக்குள் தகவலை எழுதும் எக்ஸிஃப் தரத்தில் நேர மண்டலத்துக்கென்று இடம் வந்ததே 2016ல் 2.31 பதிப்பில்தான். அதற்கு முந்தைய கேமராக்களின் படத்தில் வெறும் மணி நிமிடம், எந்த ஊர் மணி என்று தெரியாது. எக்ஸிஃப்டூல் அப்போது உங்கள் கம்ப்யூட்டரின் நேர மண்டலத்தை எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பர் கேமரா கடிகாரத்தை மாற்றாமல் இங்கே எடுத்துவிட்டு, நம் ஊர் கம்ப்யூட்டரில் ஓட்டினால் இரண்டரை மணி நேரம் தள்ளிப்போகும். மலையுச்சியில் எடுத்த படம் மதியம் சாப்பிட்ட ஓட்டலில் போய் உட்காரும்.

குகைக்கு இன்னொரு தொல்லை. பாறைக்கு அடியில் போனால் சிக்னல் போய்விடும், டிராக்கில் புள்ளியே விழாது. ஆனாலும் எக்ஸிஃப்டூல் சும்மா இருக்காது, இரண்டு புள்ளிகளுக்கு இடையே 1800 விநாடி வரை இடைவெளி இருந்தாலும் நேர்கோடு போட்டு நடுவில் ஓர் இடத்தைக் கணக்கிட்டு எழுதிவிடும். மதுரைக்குப் பக்கத்து அரிட்டாபட்டியில் இருபது நிமிடம் குடைவரைக்குள் இருந்துவிட்டு மறுபக்கம் இறங்கினால், உள்ளே எடுத்த படங்கள் எல்லாம் சரிவில் வரிசையாக நடந்து போனது மாதிரி வரும். அந்த 1800ஐயும், கோடு போட முடியாதபோது அருகிலுள்ள புள்ளியை எடுத்துக்கொள்வதற்கான இன்னொரு 1800 வரம்பையும் நாம்தான் குறைக்க வேண்டும், இரண்டையும் குறைத்தால் அந்தப் படங்களுக்கு லொகேஷன் எழுதாமல் விட்டுவிடும், பிறகு கையால் வைக்கலாம். எத்தனை பேர் குறைக்கிறீர்கள்?

நெகட்டிவ்பெட்டி:
தப்பான இடத்தைச் சைடுகாரில் எழுதியிருந்தால் அதை அழித்துவிட்டு மறுபடி ஓட்டலாம். ராவுக்குள் எழுதி, அந்த ஒரிஜினல் ஃபைல்களையும் இடம் அடைக்கிறது என்று அழித்திருந்தால் என்ன செய்வீர்கள்?

குன்றேறி:
மறுபடி எழுதுவேன், அதிலென்ன? நேரத்தைச் சரிசெய்வது எங்கே எழுதினாலும் வேண்டியதுதானே. கிளம்பும்போது போனில் விநாடியோடு தெரியும் கடிகாரத்தை ஒரு படம் எடுத்துவைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும், எக்ஸிஃப்டூலின் நேரத்திருத்த வசதியான ஜியோசிங்கில் அதைக் கொடுத்தால் முடிந்தது. 1800 பற்றி விசைப்பலகை சொன்னது நல்ல விஷயம், குகை நாட்களுக்கு இரண்டையும் 60 என்று வைத்துப் பார்க்கிறேன். ஆனால் ஆய்வாளர்கள் ரா கேட்டு அனுப்பும்போது யார் சைடுகாரைச் சேர்த்து அனுப்புகிறார்கள்? உள்ளே இருந்தால் தானாகப் போய்விடும்.

நாரைக்குளம்:
தானாகப் போகக்கூடாது என்பதுதான் எங்கள் கவலை அண்ணா. நான் பறவை எடுக்கிறவள். போட்டிகளில் சரிபார்க்க ரா கேட்பார்கள், கூட்டின் இடம் உள்ளே இருந்தால் அதுவும் முன்பின் தெரியாத நடுவர்களின் கைக்குப் போகும். ஜேபெக் ஏற்றுமதி செய்யும்போது லைட்ரூமில் லொகேஷனை நீக்கு என்று டிக் போடலாம், ராவைக் கொடுக்கும்போது அது ஞாபகம் வருமா? பார்த்த உயிரினங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் அழியும் நிலையில் உள்ள இனம் என்றால் சரியான புள்ளியை மறைத்து, 0.2 டிகிரி சதுரத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியைக் காட்டுவார்கள், நம் பக்கத்தில் அது ஏறக்குறைய 22 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் மறைக்க வேண்டியதை ஃபைலுக்குள் எழுதித் தருவதா? எனக்கு சைடுகார் ஒட்டாமல் இருப்பதுதான் வேண்டும்.

குன்றேறி:
கூட்டுக்குச் சரிம்மா, ஒப்புக்கொள்கிறேன். குகைக்கு நேர் எதிர். 2022ல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்த அரிட்டாபட்டியையும் சேர்த்து 2024ல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் விட்டார்கள், மக்கள் போராடி 2025 ஜனவரியில் ரத்தானது. இந்த மாதிரி நேரத்தில் "இந்தக் கல்வெட்டு இந்த இடத்தில்தான் இருக்கிறது" என்று சொல்ல இடம் பொதிந்த ராவைவிடப் பெரிய சாட்சி எது?

விசைப்பலகை:
சாட்சி என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் எழுதிய அதே எக்ஸிஃப்டூலில் நான் அந்தப் படத்தைப் பாரிஸில் வைக்க அரை நிமிடம் போதும். ஜிபிஎக்ஸ் டிராக்கையும் சேர்த்துக் கொடுத்தால் கொஞ்சமாவது எடைபோடலாம், நாள் முழுக்க நடந்த தடம் நேரத்தோடு இருக்கும்.

நெகட்டிவ்பெட்டி:
அதுவும் உறுதி அல்ல, ஜிபிஎக்ஸ் வெறும் எழுத்து ஃபைல், நோட்பேடில் திறந்து மாற்றலாம். ஆனாலும் படத்தோடு அதே ஃபோல்டரில் போட்டுவைக்கச் சொல்வேன், எதில் எழுதினாலும் அதை வைத்து எப்போது வேண்டுமானாலும் திரும்பச் செய்துகொள்ளலாம். குன்றேறி, நீங்கள் உள்ளேதான் எழுதுவீர்கள் என்று தெரிகிறது, எழுதுங்கள். அந்த ஒரிஜினல் ஃபைல்களை அழிக்கும் முன் சில படங்களை நிக்கானின் சொந்த மென்பொருளில் திறந்து பாருங்கள், எக்ஸிஃப்டூல் ஒப்புக்கொண்டதை அதுவும் ஒப்புக்கொள்கிறதா என்று.

குன்றேறி:
அதில் திறந்து பார்த்ததில்லை. சனிக்கிழமை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.